46 வயதில் அடித்த அதிர்ஷ்டமா? பாப் ஓடன்கர்க் பற்றி ஒரு விவாத இழை

கேள்வி, 6 செப்டம்பர் 2025

"'பெட்டர் கால் சால்' தொடரை இப்போதுதான் பார்த்து முடித்தேன். எல்லோரும் பாப் ஓடன்கர்க்கைத் தலையில் தூக்கிவைத்து ஆடுகிறார்கள். 46 வயது வரை எடுபடாத காமெடியன் அவர். 'பிரேக்கிங் பேட்'டில் ஒரு வேடம் வந்தது, வாழ்க்கை மாறிவிட்டது. காமெடியை விட்டதால்தான் நடிகர் ஆனார். அதிர்ஷ்டம் என்பதைத் தவிர இதில் வேறென்ன இருக்கிறது?"

6 செப்டம்பர், இரவு 10.50

தம்பி, 'எடுபடாத காமெடியன்' என்று சொன்னதை மட்டும் என்னால் விட முடியாது. 1987இல் 'சாட்டர்டே நைட் லைவ்' நிகழ்ச்சிக்கு எழுத்தாளராகச் சேர்ந்தபோது அவருக்கு 25 வயதுகூட நிரம்பவில்லை. அமெரிக்காவில் காமெடி எழுதுகிற எவனும் கனவு காணும் இடம் அது. அதில் கிறிஸ் ஃபார்லி என்ற நடிகர் செய்த மேட் ஃபோலி என்ற பாத்திரம் ஞாபகம் இருக்கிறதா? இளைஞர்களைத் திருத்த வந்துவிட்டு, நானே ஆற்றங்கரையில் ஒரு வேனில்தான் குடியிருக்கிறேன் என்று கத்துகிற ஆள். எழுதியது ஓடன்கர்க். கைத்தட்டல் ஃபார்லிக்கு.

அப்புறம் 'பென் ஸ்டில்லர் ஷோ'. அப்புறம் டேவிட் கிராஸோடு சேர்ந்து எச்பிஓ தொலைக்காட்சியில் 'மிஸ்டர் ஷோ', 1995 முதல் 1998 வரை 30 எபிசோடு. ஒரு ஸ்கிட் முடிந்து இன்னொன்று என்று வெட்டி வெட்டிப் போகாது. முதல் ஸ்கிட்டில் பின்னால் நடந்துபோன ஒருவனின் வாலைப் பிடித்துக்கொண்டு அடுத்தது கிளம்பும். அமெரிக்காவில் அடுத்த தலைமுறைக் காமெடிக்காரர்கள் பலருக்கு அதுதான் பாடப்புத்தகம். பார்த்தவர்கள் குறைவு என்பது உண்மைதான். அதற்காக எடுபடாதது என்று சொல்லிவிட முடியுமா?

அப்படிப்பட்ட மனிதருக்கு அமெரிக்கத் தொலைக்காட்சியின் பெரிய விருதான எம்மி ஒன்றுகூடக் கொடுக்கவில்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

6 செப்டம்பர், இரவு 11.20

ஒரு திருத்தம். மேட் ஃபோலியை அவர் 'சாட்டர்டே நைட் லைவ்'வுக்காக எழுதியதுபோல் சொல்லிவிட்டேன். இல்லை. 1990இல் சிகாகோவில் 'செகண்ட் சிட்டி' என்ற காமெடி மேடையில் ஃபார்லியோடு இருந்தபோது எழுதியது. தொலைக்காட்சியில் வந்தது 1993இல். அதற்கு இரண்டு வருடம் முன்பே ஓடன்கர்க் வேலையை விட்டுப் போய்விட்டார். தான் இல்லாத வீட்டில் தன் எழுத்துக்கு ஊரே சிரித்ததை அவர் வெளியிலிருந்துதான் பார்த்திருக்க வேண்டும்.

7 செப்டம்பர், மதியம்

நான் ஏன் இவ்வளவு மல்லுக்கட்டுகிறேன் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சொல்கிறேன். நான் 19 வருடமாக வக்கீலாக இருக்கிறேன். பெரிய கோர்ட் இல்லை, தாலுகா கோர்ட். செக் மோசடி, வாய்க்கால் தகராறு, ஜீவனாம்சம், பெயில் மனு. சட்ட உதவி வழக்குகளும் எடுப்பேன். இந்தத் தொழிலைக் காட்டுகிற சினிமாவில் வக்கீல் எழுந்து நின்றாலே வசனம் அருவி மாதிரி கொட்டும். அதைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போனவன் நான்.

'பிரேக்கிங் பேட்'டில் ஓடன்கர்க் நடித்த சால் குட்மேன் என்ற வக்கீலின் முன்கதைதான் 'பெட்டர் கால் சால்'. அப்போது அவர் பெயர் ஜிம்மி மெக்கில். முதல் எபிசோடில் கோர்ட்டில் எல்லோரும் காத்திருப்பார்கள். ஜிம்மி எங்கே? கழிவறையில், சிறுநீர்த் தொட்டிக்கு முன்னால் நின்று, அதையே ஜூரியாக நினைத்துக்கொண்டு தன் வாதத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருப்பார். கை ஏறும், இறங்கும், ஒரு சொல்லை மாற்றிச் சொல்லிப் பார்ப்பார். அப்புறம் உள்ளே வந்து, பையன்கள்தானே, 19 வயதில் நாமெல்லாம் எப்படி இருந்தோம் என்று மனதை உருக்குகிற மாதிரி பேசி உட்காருவார். எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு வார்த்தை பேச மாட்டார். டிவியைத் தள்ளிக்கொண்டு வந்து வீடியோவைப் போடுவார். அந்தப் பையன்கள் செய்த அசிங்கம் திரையில் ஓடும். ஜிம்மியின் பேச்சு மொத்தமும் ஆவியாகிவிடும்.

இது அப்பட்டமான காமெடி ஸ்கிட்டின் கட்டுமானம். மூன்று நிமிடம் ஏற்றி, ஒரு நொடியில் இறக்குவது. ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதல் கொலை வழக்கில் குறுக்கு விசாரணைக்கு முன்னால் நான் கோர்ட்டின் பின்பக்கம் வேப்பமரத்தடியில், ஜெனரேட்டர் சத்தத்துக்கு நடுவே, என் கேள்விகளை மரத்திடம் கேட்டுக்கொண்டிருந்தேன். டவாலி வந்து கூப்பிட்டபோது உள்ளங்கை ஈரமாக இருந்தது. அந்தக் கையை ஓடன்கர்க்கிடம் பார்த்தேன். கழிவறையிலிருந்து கிளம்பும்போது தோளை ஒருமுறை குலுக்கிக்கொள்வார் பாருங்கள், அதற்குப் பெயர் தைரியம் இல்லை. பயத்துக்குச் சட்டை மாட்டிவிடுவது.

9 செப்டம்பர்

அதிர்ஷ்டம் பற்றி இரண்டு நாளாக யோசித்தேன். தம்பி சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

2009இல் சால் குட்மேன் வேடம் வந்தபோது பேச்சு மூன்று நான்கு எபிசோடுக்குத்தான். அவர் அதற்குமுன் 'பிரேக்கிங் பேட்' பார்த்ததே இல்லை. கையில் பெரிதாக வேலையும் இல்லாத காலம். இயக்கிய படங்கள், 2006இல் ஒன்று, 2007இல் ஒன்று, இரண்டுமே ஊற்றிக்கொண்டன. 'தி ஆஃபீஸ்' தொடரில் மைக்கேல் ஸ்காட் வேடத்துக்குப் போட்டியிட்டார், அது ஸ்டீவ் கேரலுக்குப் போனது. கேரல் கிளம்பிப்போன பிறகு, கடைசி சீசனில், மைக்கேலை அப்படியே உரித்துவைத்த ஒரு முதலாளியாக ஒரு எபிசோடில் வந்தார் ஓடன்கர்க். கிடைக்காமல் போன வேடத்தின் நிழலை வந்து நடித்துக் கொடுத்துவிட்டுப் போவதற்கும் ஒரு மனசு வேண்டும்.

இன்னொன்று. 'பிரேக்கிங் பேட்' இரண்டாம் சீசன் கடைசி எபிசோடில் சால் வரவேண்டிய ஒரு காட்சி. ஓடன்கர்க் அப்போது 'ஹவ் ஐ மெட் யுவர் மதர்' தொடரில் நடித்துக்கொண்டிருந்ததால் தேதி இடித்தது. சாலுக்குப் பதிலாக அவர் அனுப்பும் ஆள் என்று ஒருவனைப் புதிதாக எழுதினார்கள். அவன்தான் மைக். அந்த வேடத்தில் ஜோனதன் பேங்ஸ் என்ற நடிகர் உள்ளே வந்தது அந்தக் கால்ஷீட் பிரச்சினையால். ஆக அதிர்ஷ்டம் என்று பார்த்தால் அது யாருக்கு அடித்தது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

வேடம் கிடைத்தது அதிர்ஷ்டம். நான்கு எபிசோடு வேடத்தை நான்கு சீசன் வேடமாக ஆக்கியது அதிர்ஷ்டம் இல்லை. முன்னால் இழுத்து வாரி, பின்னால் வளர்த்துவிட்ட அந்தத் தலைமுடி அவரே சொன்ன யோசனை. குரலுக்கு ராபர்ட் எவன்ஸ் என்ற ஹாலிவுட் தயாரிப்பாளரின் பேச்சை எடுத்துக்கொண்டார். கேள்வியையும் தானே கேட்டு, பதிலையும் தானே சொல்லி, எதிராளிக்கு இடமே கொடுக்காத பேச்சு. இப்படி ஒரு பாத்திரத்துக்கு வெளியிலிருந்து தோல் தைப்பது பத்து வருடம் ஸ்கிட் எழுதியவனுக்குக் கைவந்த கலை.

9 செப்டம்பர், மாலை

"எம்மியே வாங்காத ஆள் என்கிறீர்களே, சரியாகப் பாருங்கள்" என்று ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவர் சொல்வதுதான் சரி. ஓடன்கர்க்கிடம் இரண்டு எம்மி இருக்கிறது. 1989இல் 'சாட்டர்டே நைட் லைவ்', 1993இல் 'பென் ஸ்டில்லர் ஷோ', இரண்டும் எழுத்துக்கு. நடிப்புக்குத்தான் இல்லை. ஜிம்மியாக ஆறு தடவை பரிந்துரை, ஆறு தடவையும் வெறுங்கை. தொடருக்கு மொத்தம் 53 பரிந்துரை, ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் இந்தத் தவறு எனக்கே ஒன்றைக் காட்டியது. நானும் அவருடைய எழுத்துக் காலத்தைக் கணக்கில் சேர்க்காமல்தான் பேசியிருக்கிறேன். தம்பியைக் குறை சொல்லிக்கொண்டே.

14 செப்டம்பர், ஞாயிறு

இன்று நான்காம் சீசனின் கடைசி எபிசோடை மறுபடி பார்த்தேன். பார்க்காதவர்கள் இந்தக் குறிப்பைத் தாண்டிப் போய்விடுங்கள்.

ஜிம்மியின் வக்கீல் உரிமம் ஒரு வருடம் நிறுத்திவைக்கப்பட்டது. திரும்பக் கேட்டு ஒரு குழுவின் முன் நிற்கிறார். இறந்துபோன அண்ணன் சக் எழுதிவைத்த கடிதத்தை வாசிக்க ஆரம்பிக்கிறார். கொஞ்சம் வாசித்ததும் நிறுத்துகிறார். என்னால் முடியாது என்கிறார். அப்புறம் தன் வார்த்தையில் பேசுகிறார். அண்ணன் எவ்வளவு பெரிய அறிவாளி, தன்னை எப்படிப் பார்த்தான், மெக்கில் என்ற பெயருக்குத் தகுதியாக இருக்க முயல்வேன் என்று. தொண்டை அடைக்கிறது. பின்னால் உட்கார்ந்திருக்கும் காதலி கிம் கண்கலங்குகிறாள். நானும் கலங்கினேன், நாலாவது தடவையாக, என்ன வரப்போகிறது என்று தெரிந்தே.

வெளியே நடைபாதை. உரிமம் கிடைத்துவிட்டது. ஜிம்மி குதிக்கிறார். பார்த்தாயா அவன்களை, ஒருத்தன் அழுதேவிட்டான், என்று கிம்மிடம் சொல்கிறார். கிம்மின் முகம். அவர் அதைக் கவனிக்கவே இல்லை. வேறு பெயரில் தொழில் செய்ய ஒரு படிவம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே போய், திரும்பி, இரண்டு விரலைத் துப்பாக்கி மாதிரி நீட்டி, 'இட்ஸ் ஆல் குட், மேன்' என்கிறார். எல்லாம் சரியாகிவிட்டது என்று அர்த்தம். வேகமாகச் சொன்னால் சால் குட்மேன்.

கவனித்துப் பார்த்தது ஒன்று. அழும்போது அவர் நடிக்கிறாரா, நிஜமாக அழுகிறாரா? காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். ஒரு இடத்திலும் 'இதோ ஏமாற்றுகிறேன்' என்று நமக்கு ஒரு கண்ஜாடை கிடையாது. வேறு நடிகர்கள் ஓரத்தில் எங்காவது ஒரு துளி விட்டுவைப்பார்கள், பிறகு பார்ப்பவர்கள் புத்திசாலித்தனமாகக் கண்டுபிடிக்கட்டும் என்று. ஓடன்கர்க் விடவில்லை. என் கணிப்பு, அந்த அழுகை நிஜம். ஜிம்மி அழுதது நிஜம், வெளியே வந்ததும் அது தொழில் தந்திரம் என்று தனக்கே சொல்லிக்கொண்டதுதான் பொய்.

மேடையில் சொந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்கவைப்பவர்களுக்கு இது தெரிந்த விஷயம். அப்பாவின் குடியைச் சொல்வார்கள், சபை சிரிக்கும், இறங்கி வந்ததும் 'எப்படிப் போச்சு இன்னிக்கு' என்று கேட்பார்கள். ஓடன்கர்க்கின் அப்பாவும் குடிகாரர், ஏழு பிள்ளைகளில் இவர் இரண்டாவது. அதையும் இதையும் நேராக முடிச்சுப்போட எனக்கு உரிமை இல்லை. ஆனால் வலியைச் சரக்காக மாற்றி விற்கிற வித்தையை ஒரு காமெடிக்காரன் தவிர வேறு யார் இவ்வளவு துல்லியமாக நடித்திருக்க முடியும்?

15 செப்டம்பர்

நேற்றைய குறிப்புக்கு வந்த பதில்: "அப்படியானால் எல்லாக் காமெடியனும் நல்ல நடிகன் என்கிறீர்களா?" இல்லை. ஆனால் 'பிரேக்கிங் பேட்'டை உருவாக்கிய வின்ஸ் கில்லிகனின் கூட்டத்தைப் பாருங்கள். அதன் நாயகன் பிரையன் கிரான்ஸ்டன் அதற்குமுன் 'மால்கம் இன் த மிடில்' தொடரில் உள்ளாடையோடு ஓடிக்கொண்டிருந்த அப்பா. சாலின் ஆட்களில் ஹியூவெலாக வரும் லாவெல் கிராஃபோர்டும் குபியாக வரும் பில் பர்ரும் மேடையில் தனியாக நின்று சிரிக்கவைப்பவர்கள். பீட்டர் கோல்டும் கில்லிகனும் சேர்ந்து 'பெட்டர் கால் சால்' தொடங்கியபோது, கண்டிப்பான அண்ணன் சக் வேடத்துக்கு யாரைப் போட்டார்கள்? மைக்கேல் மெக்கீன். 'திஸ் இஸ் ஸ்பைனல் டேப்' படத்தில் முட்டாள் பாடகன். ஆக, அமெரிக்கத் தொலைக்காட்சியின் மிகக் கசப்பான அண்ணன் தம்பி சண்டையைப் போட்டவர்கள் இரண்டு காமெடிக்காரர்கள்.

மூன்றாம் சீசன், ஐந்தாம் எபிசோடு. சக்குக்கு மின்சாரம் பட்டால் உடம்பு எரியும் என்று நம்பிக்கை. விசாரணைக் குழு முன்னால் அவரை ஜிம்மி குறுக்கு விசாரணை செய்கிறார். பேட்டரி கழற்றிய போனைக் காட்டுகிறார். சக் அதைக் கண்டுபிடித்து ஜெயித்த மாதிரி சிரிக்கிறார். அப்போது ஜிம்மி, உங்கள் சட்டைப்பையைப் பாருங்கள் என்கிறார். முழுச் சார்ஜோடு பேட்டரி அங்கே இருக்கிறது, ஒரு மணி 43 நிமிடமாக. சக் உடைந்து கத்த ஆரம்பிக்கிறார், எண்களை மாற்றினான், சின்ன வயதிலிருந்தே இப்படித்தான் என்று. கேமரா மெதுவாக அவரை நெருங்கிக்கொண்டே போகிறது.

எல்லோரும் மெக்கீனைப் புகழ்வார்கள், புகழட்டும். நான் பார்க்கச் சொல்வது அதற்கு அடுத்த நொடியை. வழக்கை ஜெயித்த ஜிம்மியின் முகத்தைக் காட்டுவார்கள். ஒரு குறுக்கு விசாரணையில் சாட்சி உடைந்தால் வக்கீலின் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். எவ்வளவு அடக்கினாலும் கன்னத்தில் தெரியும், எனக்கும் வந்திருக்கிறது. ஓடன்கர்க்கின் முகத்தில் அது இல்லை. அண்ணனை எல்லார் முன்னாலும் உரித்துவிட்டோம் என்று தெரிந்த தம்பியின் முகம் அது. பேசவில்லை, தலையைக்கூட அசைக்கவில்லை. மேடையில் வளர்ந்தவர், ஒரு பார்வையாவது பார்த்துக் காட்சியைத் தன் பக்கம் இழுத்திருக்கலாம். கூடாது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. 'மிஸ்டர் ஷோ'வில் கூட நடிப்பவன் ஜெயிக்கட்டும் என்று ஒதுங்கி நின்று பழகியவர். சிகாகோ மேடையில் ஃபார்லிக்காக ஒதுங்கியவர்.

15 செப்டம்பர், பின்னிரவு

எனக்கும் ஒரு அண்ணன் உண்டு. கணக்குத் தணிக்கைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். நான் பி.எஸ்சி. முடித்துவிட்டு மூன்று வருடம் சுற்றினேன், விளம்பரப் பலகை எழுதினேன், தேர்தல் மேடையில் மைக் பிடித்தேன். பிறகு சட்டம் படித்தேன். பதிவு செய்துகொண்டு கறுப்புக் கோட்டோடு வீட்டுக்கு வந்த அன்று, அண்ணன் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "இது உடுப்பு மாத்துற வேலை இல்லடா" என்றார். அவ்வளவுதான். சத்தம் போடவில்லை.

முதல் சீசன் ஒன்பதாம் எபிசோடில், நீ நிஜமான வக்கீல் இல்லை என்று சக் ஜிம்மியிடம் சொல்வார். இணையவழியில் அமெரிக்கன் சமோவா பல்கலைக்கழகத்தில் வாங்கிய பட்டம்தானே என்று. அந்த இடத்தில் லேப்டாப்பை மூடிவிட்டு மாடிக்குப் போய் நின்றேன். அடுத்த எபிசோடை மூன்று நாள் கழித்துத்தான் பார்த்தேன்.

21 செப்டம்பர்

மாரடைப்பு பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், காரணம் இருக்கிறது.

2021 ஜூலை 27. அல்புகர்க்கியில் கடைசி சீசன் படப்பிடிப்பு. இடைவேளையில் ஓடன்கர்க் உடற்பயிற்சி சைக்கிளை மிதித்துக்கொண்டு பேஸ்பால் ஆட்டம் பார்க்கலாம் என்று போனவர், அப்படியே விழுந்துவிட்டார். பக்கத்தில் கிம்மாக நடிக்கும் ரியா சீஹார்னும் இன்னொரு நடிகர் பேட்ரிக் ஃபேபியனும் இருந்தது நல்லதாகப் போயிற்று. இந்த மூன்று பேரும் படப்பிடிப்புக் காலத்தில் ஒரே வீட்டில் தங்கியவர்கள், ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வசனம் பார்ப்பவர்கள். இருவரும் அவரைப் பிடித்துக்கொண்டு அலறினார்கள். உடம்பு நீலம் பாய்ந்துவிட்டது. படக்குழுவின் பாதுகாப்புப் பொறுப்பாளர் ஓடிவந்து நெஞ்சை அழுத்த ஆரம்பித்தார். பிறகு மின்அதிர்ச்சிக் கருவி. மூன்றாவது அதிர்ச்சியில்தான் இதயம் ஒழுங்காகத் துடித்தது. ஒரு வாரத்துக்கு மேல் அவருக்கு எதுவுமே ஞாபகம் இல்லை. செப்டம்பரில் திரும்பி வந்து, விழுந்த நாளில் பாதியில் நின்ற எபிசோடையே முடித்துக்கொடுத்தார். ஆறாம் சீசனின் எட்டாவது எபிசோடு அது. பார்க்கும்போது எது முன்னால் எடுத்தது, எது பின்னால் எடுத்தது என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

என் காரணம். 2019இல் எங்கள் கோர்ட் வராந்தாவில், பத்திரம் விற்பவரின் மேஜைக்குப் பக்கத்தில், ஒரு கட்சிக்காரர் சரிந்து விழுந்தார். 60 வயதிருக்கும். வாய்தாவுக்கு வந்தவர். சுற்றி நாற்பது பேர், அதில் பதினைந்து பேர் வக்கீல்கள். தண்ணீர் தெளித்தோம், சட்டைப் பொத்தானைக் கழற்றினோம், ஒருவர் சோடா வாங்க ஓடினார், ஒருவர் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார். 108 வந்தபோது நேரம் கடந்துவிட்டது. யாரும் அவர் நெஞ்சைத் தொடவில்லை.

இந்த மனிதர் பிழைத்த செய்தியைப் படித்த அன்றுதான், அந்த வராந்தாவில் என்ன செய்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியவந்தது. அந்த வருடக் கடைசியில் எங்கள் சங்கத்தில் பேசி ஒரு டாக்டரை வரவழைத்தோம். பொம்மையைத் தரையில் போட்டு ஒவ்வொருவரையும் அழுத்தவைத்தார். நெஞ்சின் நடுவில், இரண்டு அங்குல ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. இரண்டு நிமிடத்தில் எனக்குத் தோள் கழன்றுவிட்டது. ஆள் மாற்றி ஆள் அழுத்த வேண்டும் என்று அப்போதுதான் புரிந்தது. இதைப் படிப்பவர்கள் உங்கள் ஊரில் எங்கே சொல்லித்தருகிறார்கள் என்று விசாரித்து ஒருநாள் போய்விட்டு வாருங்கள். இழைக்குச் சம்பந்தம் இல்லாத விஷயம் என்று நீக்கிவிடாதீர்கள்.

22 செப்டம்பர்

"மாரடைப்பு முன்னறிவிப்பு இல்லாமல் வந்ததா?" இல்லை. 2018லேயே இதயக் குழாயில் அடைப்பு சேர்கிறது என்று தெரியும். மருந்து உடனே வேண்டும் என்று ஒரு டாக்டர், பொறுக்கலாம் என்று இன்னொருவர். பொறுத்தார். அதை அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்.

28 செப்டம்பர்

தம்பி மறுபடி வந்திருக்கிறார். "சரி, நல்ல நடிகர்தான். ஆனால் 'நோபடி' மாதிரி சண்டைப் படம் எதற்கு?"

எனக்கும் முதலில் இதே எண்ணம்தான். அவருடைய வீட்டுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை ஆள் புகுந்திருக்கிறது. குடும்பத்தைக் காக்க வேண்டிய நேரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற கோபம் அவருக்குள் தங்கிவிட்டது. படத்தின் விதை அது. இரண்டு வருடம் சண்டை பழகினார். 2021இல் படம் வந்தது. அந்த பஸ் சண்டையில் பாருங்கள், அடிப்பதைவிட அடிவாங்குவது அதிகம். விழுந்து எழும்போது மூச்சு வாங்கும், இடுப்பைப் பிடித்துக்கொள்வார். ஐம்பதைத் தாண்டிய உடம்பு ஐம்பதைத் தாண்டிய உடம்பாகவே தெரியும். மாரடைப்பில் அவர் பிழைத்ததற்கு அந்த இரண்டு வருட உடற்பயிற்சியும் ஒரு காரணம் என்று டாக்டர்கள் சொன்னதாக அவரே சொல்லியிருக்கிறார். எனவே 'எதற்கு' என்ற கேள்வியை நான் கேட்கப்போவதில்லை. இந்த வருடம் வந்த இரண்டாம் பாகம் எனக்கு ஒட்டவில்லை, அது வேறு.

சின்ன வேடங்களைத் தேடிப் பாருங்கள். 'தி போஸ்ட்' படத்தில் பென் பக்டிகியான் என்ற பத்திரிகையாளர். அரசு ரகசிய ஆவணத்தைத் தேடித் தெருவோரத் தொலைபேசியில் பேசும்போது கையிலிருந்து சில்லறை சிதறி விழும். ஒரு பக்கம் காதில் போன், ஒரு பக்கம் காசு. பதற்றம் என்று வசனத்தில் ஒரு வார்த்தை இல்லை. 'லிட்டில் விமன்' படத்தில் போரிலிருந்து திரும்பும் அப்பா, மொத்தமே சில நிமிடம். இந்த வருடம் நியூயார்க் பிராட்வேயில் 'கிளென்கேரி கிளென் ராஸ்' நாடகத்தில் ஷெல்லி லெவீன். வயதாகி, விற்பனை சரிந்து, பேச்சை மட்டுமே மிச்சம் வைத்திருக்கும் விற்பனையாளர். டோனி விருதுக்குப் பரிந்துரையும் வந்தது. நான் நேரில் பார்க்க வழியில்லை. அந்த வேடத்துக்கு அவரைக் கூப்பிட்ட ஆளின் கண்ணைப் பாராட்ட மட்டும் முடியும்.

5 அக்டோபர்

முதல் நாள் கேள்விக்கு நான் சரியாகப் பதில் சொல்லவே இல்லை என்று தோன்றுகிறது. 'காமெடியை விட்டதால் நடிகர் ஆனார்' என்பதை மறுத்து ஒரு மாதமாக எழுதுகிறேன். ஆனால் தொடரில் ஜீன் என்று ஒருவன் இருக்கிறானே.

முதல் ஐந்து சீசனும் கறுப்பு வெள்ளையில் தொடங்கும். ஒமாஹா நகரத்து மால் ஒன்றில், 'சினபன்' என்ற ரொட்டிக் கடையில், மீசை வைத்து, கண்ணாடி போட்டு, ஜீன் என்று பெயர் மாற்றி ஒளிந்து வாழும் சால். மாவைத் தேய்க்கிறார், பட்டை பொடி தூவுகிறார், உருட்டி வெட்டுகிறார். பேச்சே கிடையாது. பேசிப் பிழைத்தவனிடமிருந்து பேச்சைப் பிடுங்கிவிட்டார்கள். முன்பின் தெரியாத ஒருவன் சற்று நேரம் உற்றுப் பார்த்தால் முதுகு இறுகும். இதில் காமெடியின் சாயல் எங்கே என்று தேடினேன். டைமிங் இல்லை, கவுன்ட்டர் இல்லை. நான் இதுவரை எழுதிய வாதம் இங்கே நிற்கவில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும்.

2022 ஆகஸ்டில் வந்த கடைசி எபிசோடு. பேசிப்பேசி தண்டனையை ஏழு வருடத்துக்குக் குறைத்துவைத்தவர், கிம் உட்கார்ந்திருக்கும் கோர்ட்டில் எழுந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறார். 86 வருடம். நீதிபதி சால் என்று கூப்பிடும்போது, மெக்கில், ஜேம்ஸ் மெக்கில் என்று திருத்துகிறார். தொடர் முழுக்க நாம் கேட்ட ஏற்ற இறக்கம் அந்தக் குரலில் இல்லை. அப்புறம் சிறையில் கிம் வருகிறாள். சுவரில் சாய்ந்து இருவரும் ஒரே சிகரெட்டைப் பங்குபோடுகிறார்கள், முதல் எபிசோடில் கார் நிறுத்தும் இடத்தில் நின்ற அதே மாதிரி. அவள் கிளம்பும்போது வேலிக்கு இந்தப் பக்கம் நின்று இரண்டு விரலைத் துப்பாக்கியாக நீட்டுகிறார்.

அந்தச் சைகை நான்காம் சீசன் நடைபாதையில் பார்த்தது. அங்கே அது பன்ச். இங்கே அதே விரல்கள், அதே கை, சிரிப்பு இல்லை. சரி தம்பி, இப்படி வைத்துக்கொள்ளலாமா: அவர் காமெடியை விட்டுவிடவில்லை, அதை எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்துகொண்டார். உங்களுக்கு இது ஒப்பவில்லை என்றால் எழுதுங்கள், நான் இன்னும் முடிவுக்கு வரவில்லை.

12 அக்டோபர், இரவு

ஆயுத பூஜை விடுமுறைக்கு அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவருடைய டிவியில் தொடரைப் போட்டுக் காட்டி, தமிழில் அங்கங்கே கதையைச் சொல்லி, இரண்டு எபிசோடு பார்க்கவைத்துவிட்டு ஊருக்குத் திரும்பினேன். பிடித்தது என்றும் சொல்லவில்லை, பிடிக்கவில்லை என்றும் சொல்லவில்லை.

இன்று ஒன்பதரைக்கு போன். வழக்கமாக எட்டரைக்குத் தூங்கிவிடுபவர். மூன்றாம் சீசன் பார்த்துக்கொண்டிருக்கிறாராம். நலம் விசாரிக்கவில்லை, நேராகக் கேட்டார்.

"ஏண்டா, அந்த பேட்டரியை அவன் அண்ணன் பையில போட்டது யாரு, தம்பியேவா?"

"இல்லண்ணே. படிக்கட்டுல ஒரு குண்டு ஆள் இடிச்சிட்டுப் போனான்ல, அவன். தம்பி ஏற்பாடு."

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. டிவியை நிறுத்திவைத்திருக்கிறார் போல.

"ம். அடுத்ததையும் பாத்துட்டுப் பேசுறேன்" என்று வைத்துவிட்டார்.